தரையில் ஒட்டிய கதவு

முந்நூறு பேர் ஒரே சமயத்தில் மரியாதைக்காகச் சிரிக்க மாட்டார்கள். ஒருவர் சிரிக்கலாம், பத்துப் பேர்கூடச் சிரிக்கலாம். முந்நூறு பேர்? இல்லை, அது நிஜமான சிரிப்புதான். என்னைப் பார்த்துத்தான்.

லண்டனில் ஹாமர்ஸ்மித் போகும் பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்து ஐவி மறுபடியும் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

வெள்ளிதோறும் மாலை ஏழரை மணிக்கு, அரங்கில் முந்நூறு பேர் பார்த்திருக்க, தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும் சிரிப்பு நிகழ்ச்சி அது. ஐந்தாறு குட்டி நாடகங்கள். எல்லாவற்றிலும் சிரில் பென்ஃபோல்ட்தான் நாயகன். ஐவி அவனுக்கு மனைவி, வேலைக்காரி, குமாஸ்தா. உடை மாற்ற நேரம் இருக்காது. மூன்று பாவாடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு, காட்சிக்கு ஒன்றாக உரித்துப் போட்டபடி செட்டுக்குப் பின்னால் ஓடுவாள். வசனம் பெரும்பாலும் 'வாங்க', 'போங்க'.

போன வாரம் டாக்டர் வீட்டுக் காட்சி. அவள் வரவேற்பு மேஜையில் இருந்தாள். நோயாளியாகச் சிரில் கதவைத் திறந்துகொண்டு வரவேண்டும். அன்று காலைதான் அடித்திருந்த பெயின்டில் கதவு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே சிரில் ஆட்டினான், உதைத்தான். கேமராவின் சிவப்பு விளக்கு அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

"கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லையா?" என்று யாரோ சொன்னார்கள். அது தன் குரல் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. "அப்போ பலவீனந்தான். இதுக்கு டாக்டர் எதுக்கு? ஒரு வாரம் படுத்துக்கோங்க. அடுத்த ஆளு!"

அரை நிமிடம் அரங்கம் சிரித்தது.

தொலைக்காட்சி புதிதாக வந்திருந்த காலம்; இந்த நிகழ்ச்சியை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. காற்றில் போனது போனதுதான். ஆனால் சனிக்கிழமை இறைச்சிக் கடைக்காரர் பொட்டலத்தில் ஒரு சாசேஜைக் கூடுதலாக வைத்து, "பலவீனமா மேடம்? அடுத்த ஆளு!" என்று கத்தினார். வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அன்று வந்தது நகைச்சுவை இல்லை, பயம். பயத்துக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி எழுந்து பேசியிருக்கிறாள். முப்பத்தொன்பது வருஷம் ஒரே உடம்புக்குள் இருந்தும் ஐவி அவளைப் பார்த்ததே இல்லை. அவளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ஒத்திகை தேவாலயக் கூடத்தில் நடந்தது. செட் எதுவும் அங்கே இருக்காது. தரையில் ஒட்டிய வெள்ளைப் பட்டைகள் சுவர், மஞ்சள் பட்டை கதவு. சிரில் இன்றும் வெள்ளைப் பட்டையை மிதித்துக்கொண்டு நேராக நடந்தான்.

"சிரில், சுவரு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"மன்னிச்சுக்கோ சுவரே" என்று தொப்பியைத் தூக்கிவிட்டு, தேநீர் மேஜைப் பக்கம் போனான்.

ஐவி டாக்டர் வீட்டுப் பட்டைகளுக்குள், தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து புதுப் பிரதியைப் புரட்டினாள். அதே கதவு, மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே சிரில். வெளியே ஐவி. அவள் சொன்ன அத்தனையும் சிரிலின் பெயருக்கு நேரே தட்டச்சாகியிருந்தது.

"ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு ஐவி. இனிமே வாராவாரம் உண்டு" என்றார் தயாரிப்பாளர் ஹாலம். "நீ வெளியில நின்னு கதவை ஆட்டினா போதும். சுலபமான வேலை."

"அந்த வசனம் சார்..."

"எங்கிட்ட இருந்தா இன்னும் தூக்கும் கண்ணு" என்றான் சிரில், பன்னைக் கடித்தபடி. "நீ தடுக்கி விழுந்தே, அது கிடைச்சுது. நான் விழாமலே பண்ணுவேன். ரெண்டு வாரம் போகட்டும், யார் முதல்ல சொன்னாங்கன்னே மறந்துடும்."

"சுவத்துக்குள்ள பூந்து நடக்கிறவரு, விழ மாட்டாராமே!" என்றாள் உடைகளைக் கவனிக்கும் டோரா, உதட்டில் குண்டூசிகளோடு. எல்லோரும் சிரித்தார்கள். சிரிலும்தான்.

அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. அவன் சொன்னது உண்மை, அதுதான் ஐவியைக் குத்தியது. அந்த அரை நிமிடம் எங்கும் இல்லை. வரும் வெள்ளி அவன் சொன்னால் அது அவனுடையது. அடுத்த தொடருக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்று ஹாலம் பட்டியல் போடுவதும் இந்த மாதம்தான்.

"சரி, ஆரம்பிப்போம். ஐவி, வெளியே போம்மா. சிரில், நீ உள்ளே."

ஐவி எழுந்தாள். மஞ்சள் பட்டை இரண்டே அடி தூரம். அருகே போய் நின்றாள். இல்லாத கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். இழுத்தாள். தோளைக் கொடுத்து முட்டினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கதவு ஒட்டிக்கிச்சு சார்" என்றாள் மெதுவாக. "வெளியே வர முடியல."

சிரித்த சிரிப்பில் டோராவின் வாயிலிருந்து குண்டூசிகள் சிதறின. ஐவி திரும்பி வந்து தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். எந்தச் சுவருக்கும் நிற்காத சிரில், உள்ளே வரப் புறப்பட்டவன், கையில் பன்னோடு மஞ்சள் பட்டைக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றான்.