சிவப்புப் பக்கம்

போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்தின் பக்கத்து அறையில், மத்தியானம் உறையைத் திறந்து டேபிள் டென்னிஸ் பேட்டை எடுத்த எழில்மதி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு ரப்பரின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றிலும் பளபளவென்று எண்ணெய். பந்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். கொஞ்சமும் பிடிமானமில்லாமல் வழுக்கியது. அவசரமாக இரண்டாவது பேட்டை எடுத்தாள். அதிலும் அதே கோலம்.

இன்று ஆயுத பூசை. காலையில் அவள் ஓடிவிட்டு வருவதற்குள் அம்மா கொளஞ்சியம்மாள், அரிவாள், மண்வெட்டி, மகன் வெற்றிவேலின் ஷேர் ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். மகளின் ஆயுதத்தை மட்டும் விட்டுவிடுவாளா?

"யம்மா, எண்ணெ தடவச் சொல்லி யாரு சொன்னா?" என்று கூடவே வந்திருந்த அம்மாவிடம் கேட்டாள்.

"அருவாளுக்குத் தடவுறேன், உனுதுக்கு வேணாவா? தூசா இருந்துச்சி, தேங்காண்ணெ தொட்டுத் தொடச்சேன். படையல்ல வெச்சா இன்னிக்கு வெளிய எடுக்கக் கூடாது. உனுக்கு ஆட்டமாச்சேன்னுதான் பொட்டோட வுட்டேன்."

"ரெண்டுக்குமா?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ணுக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? ஆனா கருப்புப் பக்கம் தொடலடி. நல்ல நாளும் அதுவுமா கருப்புல போய் பொட்டு வெப்பாங்களா?"

எழில்மதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்கு மணிக்கு இறுதி ஆட்டம். மாநில அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். அது இதில் ஜெயிப்பவளுக்கு. மாநில அணியில் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் என்று அவள் சம்பளத்துக்கு ஆடும் லீக் அணி சொல்லிவிட்டது. முப்பத்தொரு வயதில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். புனே, அகமதாபாத், கொல்கத்தா என்று சுற்றிய பிழைப்பு, சொந்த ஊரான கள்ளக்குறிச்சியில் முதல்முறையாக நடக்கும் போட்டியிலேயே முடிந்துபோகும்.

நடுவர் பேட்டை ஒரு முறைதான் பார்த்தார். "இத்த வெச்சி ஆட வுட முடியாதும்மா. வேற சிவப்பு ரப்பர் ஷீட் ஒட்டிக்கினு வாங்க. ரெண்டு பக்கமும் கருப்பு ஒட்டுனா அதுவும் ஆவாது."

வேறு சிவப்புக்கு எங்கே போவது? தோற்றவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பூசைக்காக நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள். எதிராளி சந்தியாவிடம் கேட்க மனம் வரவில்லை. அப்போதுதான் ஜீவாவின் நினைவு வந்தது. வெள்ளிமலை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பெண். முதல் சுற்றிலேயே தோற்றாலும் ஆட்டம் பார்க்கத் தங்கியிருந்தவள், ஒரு மணி நேரம் முன்புதான் சொல்லிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

போனில் இரைச்சலுக்கு நடுவே ஜீவாவின் குரல். "பஸ்ஸு கச்சிராயபாளையம் வந்துருச்சிக்கா!"

"எறங்கு! அங்கியே எறங்கு! உன் சிவப்பு ஷீட்டு எனுக்கு வேணும்!"

அக்காவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வெற்றிவேலின் ஆட்டோ வாழைக்கன்று பறக்கப் பறக்க ஓடியது. ஊரெல்லாம் உடைத்த பூசணிக்காய் சாலையில் கிடந்தது. வளைத்து வளைத்து ஓட்டினான். திரும்பி வரும்போது பின் இருக்கையில் ஜீவா தன் பேட்டிலிருந்து ரப்பரை ஓரத்தில் பிடித்து மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது மேலெல்லாம் புள்ளி புள்ளியா நட்டுக்கினு நிக்கிற ஷீட்டு. உனுக்கு வழவழ ஷீட்டுதான பழக்கம்? தடுமாறிப் போயிடுவ."

"வேற வழி?"

"அப்ப இதுல சுத்து குடுத்து இழுக்காத. சும்மா காட்டு. அவ போட்ட சுத்து அவளுக்கே திரும்பிப் போவும்."

எழில்மதி பேட்டின் சிவப்பு ரப்பரைக் கிழித்தெறிந்து பசையைத் தடவினாள். ஆட்டோ குலுங்கியதில் பாதிப் பசை புடவைத் தலைப்பில் விழுந்தது என்று முன்னால் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் சத்தம் போட்டாள். ஒட்டி முடித்த பேட்டைக் காற்றில் நீட்டிப் பிடித்தபோதுதான் எழில்மதிக்கு அந்த யோசனை வந்தது. எப்போதும் சிவப்பில் வலப்பக்கம் அடிப்பாள், கருப்பில் இடப்பக்கம் ஆடுவாள். பேட்டைத் திருப்பிவிட்டால்? சுத்தமாக இருக்கும் கருப்பு அடிப்பதற்கு. ஜீவாவின் புள்ளிகள் இடப்பக்கத்துக்கு.

அவளுடைய இடப்பக்கம் பலவீனம் என்பது நாட்டில் டேபிள் டென்னிஸ் ஆடும் அத்தனை பேருக்கும் தெரியும். சந்தியாவுக்கு அது மனப்பாடம். கடைசியாக மோதிய ஆட்டங்களில் அங்கேதான் போட்டுப் போட்டுத் தோற்கடித்தாள்.

முதல் செட்டில் எழில்மதி பழக்கதோஷத்தில் இழுத்தாள். பந்து எங்கெங்கோ பறந்தது. நான்கே புள்ளி எடுத்து அந்த செட்டை இழந்தாள்.

"இழுக்காதக்கா!" என்று கூட்டத்திலிருந்து ஜீவா கத்தினாள். "காட்டு, காட்டு!"

இரண்டாவது செட்டில் காட்டினாள். சந்தியா முழு பலத்தோடு சுழற்றி இடப்பக்கம் அனுப்பிய பந்தைச் சும்மா தொட்டாள். அது மிதந்துபோய் மறுபக்கம் விழுந்தது. சந்தியா வழக்கம்போல் அடித்தாள். வலையில் போய் முட்டியது. தன் பேட்டையே திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அடுத்ததும் வலை. அதற்கடுத்தது மேசையைத் தாண்டியது. மண்டபத்தில் விசில் கிளம்பியது. கரும்பு வெட்டும் கூட்டம் ஒன்று கொளஞ்சியம்மாளோடு வேலை செய்பவர்கள் என்று சொல்லி முன் வரிசையையே பிடித்திருந்தது. ஆட்டம் புரியாவிட்டாலும் யார் பக்கம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.

"அப்டித்தாண்டி! ஏமாத்து அவள!"

மூன்றாவது செட்டும் எழில்மதிக்கு. நான்காவதில் சந்தியா விழித்துக்கொண்டு வலப்பக்கமே ஆடி எடுத்துவிட்டாள். கடைசியான ஐந்தாவதில் ஒன்பதுக்கு ஒன்பது; பதினொன்று எடுப்பவளுக்கு ஆட்டம். கொளஞ்சியம்மாள் உட்கார முடியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். தான் தடவிய எண்ணெயால்தான் இத்தனை வம்பும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

எழில்மதி வலப்பக்கம் அடித்து ஒரு புள்ளி எடுத்தாள். பத்து. சந்தியா சர்வீஸ் போட்டாள். வலப்பக்கம்தான் வரும் என்று எழில்மதி நகர்ந்திருந்தாள். வந்தது இடப்பக்கம், கடும் சுற்றோடு. கையை வீச நேரமில்லை. ஜீவாவின் புள்ளிகளை முன்னால் காட்டினாள், அவ்வளவுதான். பந்து சுருண்டு வந்த வேகத்திலேயே திரும்பிப்போய் மேசையின் ஓரத்தில் தாழ்வாக விழுந்தது. சந்தியா குனிந்து தோண்டி எடுக்கப் பார்த்தாள். வலை.

மண்டபம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஜீவா தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தாள். மாநில அணித் தேர்வுக்குழுக்காரர் பேனாவைத் திறந்து எழில்மதியின் பெயரைக் கேட்டார், தெரிந்த பெயரைத்தான். சந்தியா வலைக்கு மேல் கையைக் குலுக்கிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமா சொல்லு எழிலு. இந்த ஆட்டத்தை எத்தினி மாசமா ஒளிச்சு வெச்சிக்கினு இருந்த?"

"மத்தியானத்திலேர்ந்து," என்றாள் எழில்மதி.