பல்பு அலமாரியில் உலர்ந்த பட்டைகள்

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஏசிக்கு நேர் கீழே, திட்டத் தலைவர் ஸ்ரீதர். சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், பட்டைகளைத் தீவுகளுக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர் குழந்தைவேலு. எதிரே, ஆய்வாளராகிய நான், வைஜெயந்தி. கதவோரம், நாற்காலி போட்டும் உட்காராமல், ஆய்வக உதவியாளர் செல்லம் அக்கா. மேசை நடுவில் கண்ணாடி டம்ளர்களில் டீ. இதை முதலில் எழுதி வைக்கிறேன். அன்று பேசியதைப் பேசவேயில்லை என்று சொல்லக்கூடியவர் ஒருவர் அந்த அறையில் இருந்தார்.

விஷயம் இதுதான். மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பாலிமர் ஒன்றை மையாகக் கரைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தால் டிரான்சிஸ்டர் கிடைக்கும். அப்படி அச்சடித்து, தபால் தலை அளவில் ஒரு பட்டை செய்திருக்கிறோம். நாடாவை உரிக்கும்வரை அது தூங்கும்; உரித்துத் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஒட்டினால், சூடு ஏறியதும் பச்சைப் புள்ளி சிவப்பாகும். சிவந்தால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். முதல் பெட்டிகள் வெள்ளிக்கிழமைக் கப்பலில் கட்சால் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே நர்ஸாக இருக்கும் சுகுணா என் சித்தி மகள். கூட்டத்துக்கு முந்தின நாள் போனில் சொன்னாள்: "அக்கா, பட்டை வந்தவுடனே தெர்மாமீட்டர திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க. இனிமே பச்சைப் புள்ளியப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஊசி போடணுமாம்."

இந்தப் பாலிமருக்கு ஆகாதது ஈரம். ஈரக்காற்றில் கிடந்தால் நீர் உள்ளே புகுந்து மின்னோட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் மந்தமாகிவிடும். சூடு ஏறினாலும் புள்ளி பச்சையாகவே நிற்கும். அதைச் சோதிக்கத்தான் மின்னி பே கரையில், கடல் காற்று நேராக அடிக்கும் இந்தக் கட்டடத்தின் ஜன்னலில், மழைக்காலம் முழுக்கப் பட்டைகளை வைத்தோம். எல்லாம் தேறின. ஸ்ரீதர் அறிக்கை அனுப்பிவிட்டார்.

தேறியதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பூஞ்சை பிடிக்கும் எதையும் பல்பு எரியும் அலமாரியில் வைப்பது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வழக்கம். சர்டிபிகேட், பட்டுப்புடவை, கேமரா எல்லாம் அதற்குள்தான். ஆய்வகத்திலும் அப்படி ஓர் அலமாரி உண்டு. மாலையில் பூட்டிக்கொண்டு போகும்போது செல்லம் அக்கா பட்டைகளையும் தட்டோடு எடுத்து அதில் வைத்துவிட்டு, காலையில் எங்களுக்கு முன்னால் வந்து திரும்ப ஜன்னலில் வைத்திருக்கிறார். பகலில் குடித்த ஈரத்தைப் பல்பு உலர்த்திக் கொடுத்திருக்கிறது. விஷயம் தெரிந்ததும் ஒரு தட்டை அலமாரிக்கு அனுப்பாமல் ஜன்னலிலேயே விட்டேன். அதையும் அலமாரியில் உலர்ந்த ஒரு தட்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அலமாரிப் பட்டை ஒன்றின் நாடாவை உரித்து ஸ்ரீதரின் டீ டம்ளரில் ஒட்டினேன். உடனே சிவந்தது. பக்கத்தில் ஜன்னல் பட்டையை ஒட்டினேன். டீயில் ஆடை படியும்வரை பார்த்தோம். பச்சையாகவே இருந்தது.

"இது கைபட்ட சாம்பிள், வைஜெயந்தி," என்றார் ஸ்ரீதர். "அதோட பெட்டிக்குள்ள கடல் காத்தா அடிக்கப் போகுது?"

"ஐஸ் உருகுற பெட்டி சார். உள்ள என்ன ராஜஸ்தானா இருக்கு?"

குழந்தைவேலு சிரித்தார், ஸ்ரீதர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அரே மேடம், வெள்ளிக்கிழமை ஜஹாஜ்ல இடம் புக் ஆயிருச்சு. இப்ப விட்டா அடுத்த செயிலிங் எப்பன்னு யாருக்குத் தெரியும்? முதல்ல போகட்டும். பாக்கி பாத் மே தேக்கேங்கே."

"பிறகு பாக்கிறதுன்னா எப்பண்ணே? பிள்ளைக்கு நோய் வந்த பிறகா?"

அவர் டீயைக் குடிக்கத் தொடங்கினார்.

ஸ்ரீதர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ரிப்போர்ட் போயாச்சு. இனி அதத் திருத்த முடியாது. தப்பு நடந்திருந்தா அட்டெண்டர் லெவல்ல நடந்த தப்பு. மினிட்ஸ்ல அப்படியே எழுதிக்கலாம், அவங்க மேல ஒரு ஆக்‌ஷன் எடுத்துக்கலாம். நீங்க கையெழுத்துப் போடுங்க."

செல்லம் அக்கா கதவை விட்டு முன்னால் வந்தார். "வைக்காதேன்னு என்கிட்ட ஆரு சொன்னா சார்? ஈரத்துல கெட்டுப்போற சாமான்னு நீங்கதேன் சொன்னீக. கெட்டுப்போற சாமான இந்த ஊர்ல எங்க வைப்பாக? என் கலியாணப் போட்டாவே அந்த மாதிரி அலமாரியிலதேன் இருக்கு."

"பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார் ஸ்ரீதர்.

இந்த மனிதர் வாழ்நாளெல்லாம் பாலிமர் படித்தவர். மழைக்காலம் முழுக்க ஒரு பட்டைகூடக் கெடவில்லை என்று அவருடைய மாணவன் ஒருவன் எழுதிக் கொண்டுவந்திருந்தால், அதை அவன் முகத்திலேயே எறிந்திருப்பார். இங்கே வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். இப்போது அக்காவின் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"அக்கா செஞ்சது ஊர் வழக்கம் சார். தெரிஞ்ச பிறகும் அனுப்புறது நீங்க."

"கட்சால்ல உங்க சொந்தக்காரங்க இருக்காங்க. அதான் உணர்ச்சிவசப்படறீங்க."

"இருக்காங்க சார். இலங்கைத் தோட்டத்துல இருந்து கொண்டாந்து ரப்பர் தோட்டத்துல எறக்கிவிட்ட சனம். அன்னைக்கு எங்கள எங்க அனுப்புறீங்கன்னு யாரும் கேட்டுட்டு அனுப்பல. இன்னைக்கு மருந்தையும் அப்படியே அனுப்புறீங்க."

தாளைத் திருப்பித் தள்ளினேன். ஸ்ரீதர் கையெழுத்து இல்லாமலே அதைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். குழந்தைவேலு பின்னாலேயே போனார்.

சுகுணாவுக்குப் போன் செய்தேன். யார் கேட்டாலும் தெர்மாமீட்டரைக் கொடுக்காதே என்றேன்.

"நீங்க போன்ல சொன்னீங்கன்னு நான் எப்படிக்கா வச்சிருக்கிறது? கடுதாசி ஒண்ணு மேல இருந்து வரணும்."

ஆகவே கடிதம். டெலானிபூரில் தடுப்பூசிக் கிடங்கின் பொறுப்பாளருக்கு எழுதினேன். முதல் பத்தியில் பட்டை எதற்கு என்று. இரண்டாவதில் அது எப்படித் தவறாகத் தேறியது என்று. மூன்றாவதில் கேட்பது: பட்டைகளைக் கப்பலில் ஏற்றாதீர்கள், தெர்மாமீட்டரை எடுக்க வேண்டாமென்று கட்சாலுக்கு எழுதுங்கள். "சந்தேகம் இருந்தால் இத்துடன் உள்ள இரண்டு பட்டைகளையும் சூடான டீ டம்ளரில் ஒட்டிப் பாருங்கள்" என்று சேர்த்தேன். ஜன்னல் பட்டை வழியில் உலர்ந்துவிடாதபடி, ஈரப் பஞ்சோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கினேன்.

"நான் வச்சத நானே எழுதுறேன்," என்றார் செல்லம் அக்கா. என் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, அலமாரியில் வைத்ததையும் யாரும் தடுக்காததையும் எழுதித் தன் பெயரைப் போட்டார்.

"வேலைக்கு ஆபத்துக்கா."

"அந்தாளு எழுதினாலும் ஆபத்துதேன். நான் எழுதினா நெசமாச்சும் இருக்கும்."

உறைக்காகப் பல்பு அலமாரியைத் திறந்தேன். வெளியே வைத்தால் ஈரத்தில் உறைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். உள்ளே அவை வெதுவெதுப்பாக, மொடமொடவென்று இருந்தன. கடிதத்தையும் பட்டைகளையும் ஒன்றில் போட்டேன். செல்லம் அக்கா டம்ளர் நீரில் விரலை நனைத்து ஓரத்தில் தடவ, நான் மடித்து அழுத்தினேன்.

"என் வீட்டுக்குப் போற வழிதேன். குடுங்க."

"வாங்கிக்கிட்டோம்னு அவங்க சீல் குத்திக் குடுக்காம வந்திராதீங்கக்கா."

"குத்தலேன்னா அவக மேசையில உக்காந்துக்கிருவேன்."

உறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குடையை விரித்து, டெலானிபூர் மேட்டுக்குப் போகும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.