சூரியகாந்தி பார்க்கும் திசை

ஆட்டோவில் முன்னால் வேல்ராஜ். பின்சீட்டில் இடப்புறம் பிரேமலதா, கையில் நோட்டு. வலப்புறம் அவள் மதினி கோமதித்தாய், மடியில் இட்லித் தூக்கு. சங்கரன்கோவிலில் இரண்டு பேரும் சேர்ந்து காலை டிபன் கடை நடத்துகிறார்கள்; பதினோரு மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். இன்று கடைக்கு லீவு.

மதுரையில் ஒரு டிராவல்ஸ், ஞாயிறுதோறும் ஒரு வேன் ஆட்களுக்கு வயலும் சாப்பாடும் காட்ட வழி தேடியது. வழியை வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தது. இன்றைய தபாலில் கடிதம் போயாக வேண்டும். பிரேமலதாவின் திட்டம், தங்கள் கடையில் டிபன், பிறகு கிழக்கே திருவேங்கடம் வரை கரிசல் காடு. வேன் வந்தால் கடை தலைநிமிரும்.

கிலோமீட்டர் கல்லுக்குக் கல் எழுதிக்கொண்டே வந்தாள். இடப்பக்கம் உளுந்து. வலப்பக்கம் மிளகாய், ஊடே கொத்தமல்லி. எதிர்வெயிலில் கண் கூசியது. சூரியகாந்திக் காடு வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

ஒரு பூவின் முகமும் தெரியவில்லை. காடு முழுக்கப் பச்சை முதுகு.

“ஏட்டி, நம்மகூட என்ன சண்டையாம் இதுகளுக்கு?” என்றாள் கோமதித்தாய்.

“சாயந்தரம் இந்தப் பக்கம் திரும்பிரும் அக்கா,” என்றான் வேல்ராஜ், எல்லாம் தெரிந்தவன் போல.

வரப்பில் நின்ற காட்டுக்காரர் இசக்கித்துரை சிரித்தார். “மொட்டுல திரும்பும் வே. பூத்து முத்திட்டா கெழக்கதான். நீரு எப்ப வந்தாலும் முதுகைத்தான் பாப்பீரு.”

“அப்ப மொகத்தை எங்கன நின்னு பாக்க அண்ணாச்சி?” என்று கேட்டாள் பிரேமலதா.

“திருவேங்கடத்துல இருந்து வாரவன் பாக்கான்லா!”

திருவேங்கடம் போய், ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வெயில் இப்போது முதுகில். அதே காட்டில் ஆயிரம் மஞ்சள் முகங்கள் எதிரே நின்றன. வேல்ராஜ் யாரும் சொல்லாமலே பிரேக் போட்டான்.

“தலைகீழா எழுதணும் மதினி. திருவேங்கடத்துல தொடங்கி நம்மூர்ல முடியணும்.”

“வேன் மதியம்லா வந்து நிக்கும்? டிபன் யாவாரம் அங்கன உள்ளவனுக்குப் போயிரும். நாம கடையைப் பூட்டிட்டுப் படுத்திருப்போம்.”

உளுந்துக் காடு இப்போது வலப்பக்கம் வந்தது. பிரேமலதா நோட்டில் ‘இடம்’ என்பதை அடித்து ‘வலம்’ என்று திருத்தினாள்.

“உளுந்தம்பருப்புச் சோறு போடுவமா? எள்ளுத் தொவையலோட? வழியெல்லாம் உளுந்தைப் பாத்துட்டுல்லா வருவாக.”

“இருபது பேருக்கு யாருட்டி பொங்குவா?”

“நீங்கதான்.”

“நெனச்சேன். எழுது. தொவையல் நான் அரைக்க மாட்டேன், அதையும் சேத்து எழுது.”

தபால் நிலையத்தில் நின்றபடியே ஒன்று முதல் ஏழு வரை நிறுத்தங்களை எண்ணிட்டு எழுதினாள். ஏழாவது: மதியச் சாப்பாடு, சங்கரன்கோவில். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். உறையின் ஓரத்தில் பசை தடவி, விரலால் இருமுறை அழுத்தி, ஜன்னல் வழியே உள்ளே நீட்டினாள்.