நான்காம் சரணம்

வெர்லினின் முகத்தைவிட அவனுடைய பிடரிதான் எனக்கு நன்றாகத் தெரியும். மேடையில் அவன் முன்னால் நின்று பாடுவான். நான் பின்னால், என்னைவிட உயரமான பேஸ் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு அதன் தடித்த தந்திகளை இழுத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். குடித்திருந்தால் அந்தப் பிடரி தளர்ந்து காலருக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாட்டு அப்போதுதான் இனிக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் மாவட்டத்தில் சாராயம் விற்கக் கூடாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த மாவட்டம். பாலம் இறங்கியதுமே கெய்னெல் அக்காவின் கடை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஞாயிறு காலை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் மட்டும் வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்துவார்கள். கெளுத்தி மீன் வறுவலுக்காக வந்தோம் என்பார்கள். மீனும் நன்றாகத்தான் இருக்கும்.

உண்மையில் அவர்கள் வந்தது வெர்லினின் ஒரு பாட்டுக்காக. என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவன் எழுதியது. மதுக்கடையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முதல் சரணத்தில் சம்பளம் வந்த சந்தோஷத்துக்கு ஒரு கோப்பை. இரண்டாவதில் வேலை போன கவலைக்கு. மூன்றாவதில் மனைவி பெட்டியோடு பஸ் ஏறிவிட்ட துக்கத்துக்கு. ஒவ்வொரு சரணமும் ‘ஊத்துப்பா, இதுதான் கடைசி’ என்று முடியும். குடி ஒரு மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதைச் சொல்லும் பாட்டு அது. அதைக் கேட்டு எங்கள் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே குடிப்பார்கள்.

மூன்றாம் சரணம் முடியும்போது கூட்டத்திலிருந்து யாராவது மேடைக்கு ஒரு கோப்பை விஸ்கியை நீட்டுவார்கள். வெர்லின் அதை ஒரே மூச்சில் குடித்துக் கவிழ்த்துக் காட்டுவான். கூரை அதிரும். அந்த நொடியில் பிடில் வாசிக்கும் டெல்மர் ஆட்டப் பாட்டுக்குத் தாவுவான். நாற்காலிகள் ஓரம் போகும். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நீட்டிய கோப்பையை மறுத்தால் நீட்டியவரை அறைந்த மாதிரி. குடியின் கேட்டைப் பாடுகிறவனுக்கு அன்பளிப்பாகக் குடியையே கொடுக்கிறோமே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன குளிர்காலத்தில் வெர்லின் ரத்தம் கக்கினான். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, இவன் இன்னும் ஒரு கோப்பை குடித்தால் அதோடு நிறுத்த மாட்டான், நிறுத்தாவிட்டால் அடுத்த குளிரைப் பார்க்க மாட்டான் என்றார். வெர்லின் நிறுத்தினான். வசந்தம் முழுவதும் சமையலறை மேசையில் கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்து கிட்டாரைத் தடவிக்கொண்டிருந்தான். எப்போதாவது பாடினால் குரல் வறண்டு, சீவாத பலகையைத் தொட்டதுபோல் வந்தது. அந்தக் குரல் எழும்போதெல்லாம் நான் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நன்றியும், அந்தப் பழைய குரல் போய்விட்டதே என்ற ஏக்கமும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடியும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். இருந்தன.

ஜூனில் கெய்னெல் எங்கள் வீட்டுக்கே வந்தாள். அவன் பாட வேண்டும், அந்தப் பாட்டும் வேண்டும் என்றாள். அவன் கோப்பையைத் தொடக் கூடாது என்று நான் சொன்னேன்.

“தொடட்டும்மா. உள்ள டீ இருக்கட்டும். ஆறின டீயும் போர்பன் விஸ்கியும் பாக்க அண்ணன் தம்பி மாதிரிதான். என் கடைப் பொண்ணு கோரா கூட்டத்துல நின்னு நீட்டுவா. யாருக்குத் தெரியப்போகுது?”

வெர்லின் சிரித்தான். “டீயக் குடிச்சிட்டு தள்ளாடணுமா? அதுக்குத் தனிச் சம்பளம் குடுக்கணும்க்கா.”

அந்தச் சனிக்கிழமை வெயில் இறங்குவதற்கு முன்பே கடை நிரம்பிவிட்டது. மேற்கு ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் மேடைவரை நீண்டு கிடந்தது. இரண்டு மூன்று சின்னப் பாட்டுகளை வெர்லின் பாடினான். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. அவன் பிடரி கம்பிபோல் நின்றது.

அந்தப் பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் கரடுமுரடாகப் போனது. மூன்றாவது வரும்போது கோரா கையில் டீக் கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஹோபார்ட் எழுந்தார்.

ஹோபார்ட் எங்கள் ஊர் மரம்வெட்டி. கார் தொழிற்சாலை வேலைக்கென்று முந்தின இலையுதிர்காலத்தில் டெட்ராய்ட் போனவர், விடுமுறைக்கு அன்றுதான் வந்திருந்தார். வெர்லினுக்கு என்ன ஆனது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்தக் கடையில் அவனுக்கு அதிகமாகக் கோப்பை நீட்டியவரே அவர்தான். சொந்தத் தம்பிபோல் வெர்லின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பிரியம் முழுவதையும் விளிம்புவரை ஊற்றி, நீண்ட கையால் மேடைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். கோரா அவருடைய முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள்.

வெர்லின் அதை வாங்கிக்கொண்டான்.

அதில் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும். வாசனை எனக்கே வந்தது. நான் பேஸைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். என் விரல்கள் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தன, நிறுத்தினால் ஏதோ அறுந்து விழுந்துவிடும் என்பதுபோல. ‘ஊத்துப்பா, இதுதான் கடைசி’ என்று பாடி முடித்து, அவன் கோப்பையை நெஞ்சுவரை உயர்த்தினான். டெல்மர் பிடில் வில்லைத் தூக்கிவிட்டான். கூட்டம் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் விஸ்கிக்குள் புகுந்து, அவன் சட்டையில் ஒரு பொன்னிறப் புள்ளியாக விழுந்தது.

கோப்பை மேலே போகவில்லை. கீழேயும் வரவில்லை. என் இரண்டு சுரங்கள் ஒரு சுற்று சுற்றி வந்தன, இன்னொரு சுற்றும் வந்தன. யாரோ ஒருவர் “குடிப்பா” என்றார், சிரித்துக்கொண்டே.

அப்போது அவன் பாடினான்.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு சரணம் இருந்தது. இத்தனை வருடம் அவனோடு வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் அவன் குடித்தான், நாங்கள் ஆட்டப் பாட்டுக்குப் போனோம். அதில் அந்தக் குடிகாரன் இல்லை. அவனுடைய சின்ன மகள் பனி ஒட்டிய கால்களோடு மதுக்கடை வாசலில் வந்து நிற்கிறாள். அப்பாவைக் கூப்பிடவில்லை. ஊற்றிக் கொடுக்கிறவரிடம் கேட்கிறாள்:

‘ஐயா, இங்கே எங்கப்பா
எதுக்குச் சிரிப்பார், சொல்லுங்க.
வீட்டிலயும் அதையே நாங்க
செஞ்சு பார்க்கிறோம், சொல்லுங்க.’

குரல் இனிக்கவில்லை. பழைய குரல் வார்த்தைகளைத் தேனில் தோய்த்து ஒன்றாக ஒட்டிவிடும். இது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைத்தது. ‘எங்கப்பா’ என்ற இடத்தில் மெட்டு நான் எதிர்பாராத படியில் ஏறியது. இருட்டில் மாடிப்படி தேடுவதுபோல் என் விரல் தடவிக்கொண்டே பின்னால் போனது. விளிம்புவரை நிறைந்த கோப்பை அவன் கையில் அப்படியே நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் படுக்கையில் தொட்டு எழுப்புகிற மனிதன், ரத்தம் துடைத்துவிட்ட மனிதன். அவனுக்குள் இப்படி ஓர் இடம் இருந்திருக்கிறது, அங்கே அவன் தனியாகப் போய் வந்திருக்கிறான். மலை ஒன்று இத்தனை நாள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததை மூடுபனி விலகி இப்போதுதான் பார்த்ததுபோல் நின்றேன்.

பாட்டு முடிந்தது. அது முழுவதும் முடிந்து நாங்கள் கேட்டது அன்றுதான் முதல்முறை. கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிறவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெய்னெல் ஈரத் துணியை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

வெர்லின் குனிந்து கோப்பையை ஹோபார்ட்டிடமே திருப்பிக் கொடுத்தான்.

“மன்னிச்சுக்கங்கண்ணே. என்னால இனிமே முடியாது.”

ஹோபார்ட் வாங்கிக்கொண்டார். அவமானமா, அழுகையா, ஏதோ ஒன்று அந்தப் பெரிய முகத்தில் ஓடியது. கடை முழுவதும் அவரையே பார்த்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கு ஒருத்தரும் சொல்லலையேப்பா,” என்றார் மெதுவாக. பிறகு, “இத இப்ப நான் குடிச்சா அந்தப் புள்ள என்னயும் கேப்பாளோ?”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் குடிக்கத்தான் செய்தார். ஆனால் எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

டெல்மரின் வில் இன்னும் மேலேயே இருந்தது. “இப்ப ஆட்டப் பாட்டா, வேற என்னவாவதா?” என்று கேட்டான்.

வெர்லின் என் பக்கம் திரும்பினான். மேடையில் அவன் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். வெளுத்து, வேர்த்து, பயந்துபோயிருந்தது. கோப்பையைப் பிடித்திருந்த கையை இப்போது கிட்டாரின்மேல் வைத்திருந்தான்.

“ஆர்லீன், நீ ஆரம்பி,” என்றான். “மெதுவா. நான் புடிச்சிக்கறேன்.”

ஆரம்பித்தேன். அவ்வளவு மெதுவாக நாங்கள் ஆட்டப் பாட்டு வாசித்ததே இல்லை. அவன் முதல் சுற்றில் சேரவில்லை. இரண்டாவது சுற்றில் அவன் கட்டைவிரல் தந்தியைத் தேடி இறங்கியது.