யூலலி சார்ல்ஸ் திரும்பிப் போனாள்

மட்டாஞ்சேரியில் கமலாக்ஷி ஒரு பெண்கள் பள்ளியின் இங்கிலீஷ் டீச்சர். தமிழும் மலையாளமும் சரளமாக வரும் என்பதால், எண்பத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில் வந்த வெளிநாட்டு அமைச்சருக்கு மொழிபெயர்க்க மாதர் சங்கத்தார் அவளைப் பிடித்துப் போட்டார்கள்.

வந்தவள் யூலலி சார்ல்ஸ், கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவின் மகளிர் நல அமைச்சர். டெல்லி மாநாடு முடிந்ததும் மற்றவர்கள் தாஜ்மகாலுக்குக் கிளம்ப, சுக்குக் கிடங்குப் பெண்களைப் பார்க்கவேண்டும் என்று இவள் மட்டும் கொச்சிக்கு வந்துவிட்டாள்.

கிடங்கு முற்றத்தில் சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"சின்ன வயதில் நானும் இப்படித்தான். எங்கள் ஊரில் ஜாதிக்காய். என்னைப் பெற்ற மறு வாரமே அம்மா வேலைக்கு ஓடினாளாம், இடம் போய்விடும் என்று. அதனால்தான் தேர்தலில் நின்றேன். முதல் கூட்டத்தில் சாணியடித்தார்கள். சபையில் நான் ஒருத்திதான் பெண். பிள்ளை பெறப் போகிறவளை நீக்கக் கூடாது, கூலியும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது."

கமலாக்ஷி அதை மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும், ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்திருந்த ஒச்சம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். "நெசமாவா டீச்சர்? எடத்த அப்படியே வச்சிருப்பாகளா?"

"நம்ம நாட்லயும் அப்படிச் சட்டம் இருக்கு."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றாள் ஒச்சம்மாள்.

அப்போது கமலாக்ஷியின் கணவன் வெங்கிட்டு வெயிலில் வேர்த்துக் கொட்ட உள்ளே வந்தான். கப்பல் ஏஜென்சியில் வேலை. அங்கே டெலக்ஸில் வந்த செய்தியை அவள் காதருகே சொன்னான். "அவா தீவுல பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சுடுத்து. பிரதம மந்திரியைச் சுட்டுட்டா. கூட இருந்த மந்திரிகளையும். நீதான் அந்த அம்மாகிட்டச் சொல்லணும்."

கமலாக்ஷி யூலலி பக்கம் திரும்பினாள். வகுப்பில் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக அதைச் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

யூலலி அழவில்லை. "எந்த மந்திரிகள்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றான் வெங்கிட்டு. அவள் ஒரு சுக்குத் துண்டை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள், அதையே மறுபடி எடுத்தாள். ஒச்சம்மாள் எழுந்துபோய்க் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து அந்த விரல்களை விரித்துக் கோப்பையைப் பிடிக்கவைத்தாள்.

கமலாக்ஷியின் வீட்டில்தான் யூலலி தங்கினாள். இந்தியாவிலேயே அடைக்கலம் கேட்கலாம் என்று டெல்லியிலிருந்து அதிகாரிகள் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போனால் உங்களையும் சுட்டுவிடுவார்கள்" என்றாள் கமலாக்ஷி.

"சுடலாம். ஆனால் ஜாதிக்காய்ப் பெண்களுக்கு இனி அங்கே ஆளில்லை, கமலா."

தீவில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே அவளைக் கைது செய்துவிட்டார்கள். ரேடியோவில் அதைக் கேட்டபோது கமலாக்ஷியின் கையில் தோசைத்திருப்பி இருந்தது. தோசை கருகி, வெங்கிட்டு வந்து அடுப்பை அணைக்கும்வரை அவள் அசையவில்லை. அதன் பிறகு யூலலி உயிரோடு இருக்கிறாளா என்றுகூடச் செய்தி வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியைக் கிடங்கு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒச்சம்மாளும் மற்றவர்களும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்குப் போகிற வழியில் அதைக் கண்ட கமலாக்ஷி, குடையை மடக்கிவிட்டு ஈரத் தரையில் அவர்களோடு உட்கார்ந்தாள். தான் இப்படிச் செய்யக்கூடியவள் என்பதே அவளைத் திகைக்க வைத்தது. சாயங்காலம் முதலாளி இறங்கிவந்தார். இடம் உண்டு, கூலி கிடையாது என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

எண்பத்தைந்தில் ஒருநாள் பள்ளிக்கு டிரங்க் கால் வந்தது.

"கமலா, சத்தமாகப் பேசு. சிறையில் ஒரு காது போய்விட்டது."

கமலாக்ஷி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே யூலலி சொல்லிக்கொண்டு போனாள். பட்டாளம் போய்விட்டது, தேர்தல் நடந்தது, அவளும் நின்று தோற்றுவிட்டாள். நாளை ஜாதிக்காய்க் கொட்டகையில் கூட்டம். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"ஆரா டீச்சரே, பந்துக்களா?" என்று கேட்டாள் தலைமையாசிரியை.

ரிசீவரைக் கையில் பிடித்தபடியே கமலாக்ஷி, ஆமாம் உறவுதான் என்று தலையாட்டினாள்.