காத்துக்குத் தீட்டு இல்லை

ஜன்னலின் இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவது கம்பிக்கும் நடுவே ஒரு விரல் வந்து நின்றது.

கறுத்த, ஒல்லியான விரல். நகக்கண்ணில் சாணம் உலர்ந்திருந்தது. கமலாட்சி வாய்ப்பாட்டை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். விரல் சுழித்தது, இறங்கியது, மேலே வளைந்து ஒரு சுழி போட்டது. 'வீ'. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதே இடத்தில் 'டு'. கமலாட்சி தலையை ஒரு தடவை அசைத்தாள். விரல் மறைந்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாருக்கும் எதுவும் தெரியாதது போல வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. தெரியாதா என்ன? எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதுதான் ஒப்பந்தம்.

பிள்ளையார்பாளையத்தின் கோடியில் இருந்தது அந்த மிஷன் பள்ளிக்கூடம். ஒரே கூடம். சுவரில் புதிதாக மாட்டிய ஜார்ஜ் சக்கரவர்த்தி படம். அவருக்குப் பக்கத்தில், தொலைந்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் இயேசு. காலையில் ஜெபம், பாட்டு, மணலில் எழுத்து, வேதவசனம், புளியங்கொட்டை வைத்துக் கணக்கு. மத்தியானம் தையல். நெசவுத் தெருப் பெண்களை வீட்டில் அனுப்பியதே தையலுக்காகத்தான். இயேசுவைப் பற்றி அவர்களுக்கு ஒரு விரோதமும் இல்லை. ராகம் நன்றாக இருந்ததால் பள்ளிக்கூடத்துப் பாட்டைத் தறியடியில்கூடப் பாடினார்கள். பள்ளிக்கூடத்துத் தண்ணீரை மட்டும் குடிக்க மாட்டார்கள்.

அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த கமலாட்சியும் அந்த நெசவுத் தெருவில் பிறந்தவள்தான். புருஷன் செத்த பிறகு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாள். பாதிரியார் கிரேஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரால் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அக்காள் பட்டம்மாள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் மகள் வடிவாம்பாளை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்தப் பெண்ணின் தலைப்பின்னல்தான் கமலாட்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரே சமாசாரம். பின்னல் இறுக்கமாக இருந்தால் அக்காள் கோபத்தில் இருக்கிறாள். கோணலாக இருந்தால் உடம்பு சரியில்லை. என்றைக்காவது கதம்பம் வைத்துப் பின்னியிருந்தால், அன்றைக்கு முழுக்கக் கமலாட்சிக்குக் குரல் நன்றாக எழும்பும்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவள் பூங்காவனம். மிஷன் வளவைப் பெருக்கும் கன்னியம்மாவின் மகள். சேரிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று மிஷன் துரைசானி பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டாள். எங்கே உட்காரவைப்பது என்று சொல்லவில்லை. முதலில் முற்றத்து மணலில் தனியாக உட்கார்ந்து எழுதினாள் பூங்காவனம். கமலாட்சி போட்டுக் கொடுத்த எழுத்தின் மேலேயே விரலை ஓட்டி ஓட்டி, நாளுக்கு ஒரு எழுத்து. ஒரு நாள் வெளியே ஓடிவந்த வடிவாம்பாள் தெரியாமல் அந்த எழுத்தை மிதித்துவிட்டாள்.

சாயங்காலமே சபாபதி வந்துவிட்டார். பட்டம்மாளின் புருஷன். கூடவே தெருவில் நாலைந்து பேர்.

"இன்னா கமலாட்சி. நீ எந்தச் சாமியக் கும்புட்டாலும் நான் வந்து கேட்டனா?"

"இல்ல மாமா."

"எம்பொண்ணு அத்த மிதிச்சிக்கினு நேரா தறிகிட்ட வந்து நிக்குது. கோயிலுக்கு நெய்யற சேல அது. நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் சத்தம் போடாதது கமலாட்சிக்கு இன்னும் பயமாக இருந்தது. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்:

"அந்தப் பொண்ணு எழுத வாணாம்னு சொல்லல. எழுதட்டும். காத்துல எழுதச் சொல்லு. காத்துக்குத்தான் தீட்டு இல்லியே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கமலாட்சி சிரிக்கவில்லை. "சரி மாமா, அப்டியே செய்யறேன்" என்றாள். சிரிப்பு பட்டென்று நின்றது. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை இனி அவரால் திரும்ப வாங்க முடியாது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள்.

மறுநாள் முதல் பூங்காவனம் ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள். கரும்பலகை அந்த ஜன்னல் இருந்த சுவரிலேயே மாட்டியிருந்ததால் அது அவள் கண்ணில் படாது. பலகையைப் பார்க்கும் பெண்களின் முகங்கள்தான் படும். அதனால் கமலாட்சி எழுத்து அட்டைகளை எடுத்தாள். ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒன்றைக் காட்டுவாள், எடுப்பாள், அடுத்ததைக் காட்டுவாள். பூங்காவனம் அதே சந்தில் விரலால் திருப்பி எழுதுவாள். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். கமலாட்சி அப்படியே படிக்கப் பழகிக்கொண்டாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கம்பி மறைத்துவிடும். அதனால் நகர்த்தாதே என்று அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒரு தடவை கிழிந்த ரவிக்கைத் துணியில் ஒரு சிலேட்டைச் சுற்றி ரகசியமாகக் கொடுத்தனுப்பினாள். கன்னியம்மா மறுநாளே கொண்டுவந்து கீழே வைத்துவிட்டாள். "ஆண்டை ஊட்டு ஆளுங்க பாத்தா இன்னா ஏதுன்னு கேப்பாங்கம்மா. எங்களுக்கு எதுக்கு." அதற்குப் பிறகு கமலாட்சி பிள்ளையிடம், வீட்டில் எழுதிப் பார்க்கிறாயா என்று மட்டும் கேட்டாள்.

"எழுதறம்மா. படுத்துக்கினு எழுதறேன்."

கமலாட்சிக்குச் சந்தோஷமாக இருந்தது. எதில் எழுதுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

பெண்களுக்கு இது ஒரு வேடிக்கையாயிற்று. "எங்க சித்தி பேய்க்குப் பாடம் சொல்லிக்குடுக்குது" என்று வடிவாம்பாள் பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னது கமலாட்சிக்குக் கேட்டது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சித்தி என்ற சொல் முன்னால் வந்து விழுந்துவிட்டதால் கோபம் வரவில்லை. அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

பூங்காவனத்துக்குக் கெடு இருந்தது. தாமலில் ஒரு ஆண்டை வீட்டில் மாடு மேய்க்கப் பிள்ளை கேட்டிருந்தார்கள். ஏரிக்கரையோரம் அவர்களுடைய நிலத்தில்தான் கன்னியம்மாவின் அண்ணன் வேலை செய்தான், மறுக்க முடியாது. மிஷனுக்கு வேறு ஊரில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடம் உண்டு. இரண்டாம் வகுப்பை இன்ஸ்பெக்டர் கையால் தேறிய பிள்ளையை அங்கே எடுத்துக்கொள்வார்கள். சோறும் துணியும் அவர்களே. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற பேச்சு அங்கே இல்லை என்று துரைசானி சொல்லியிருந்தாள்.

"பரீச்ச வரிக்கும் தவண சொல்லிக்கீறேம்மா" என்றாள் கன்னியம்மா. "தேறிச்சின்னா நீங்க இட்டுக்கினு போங்க. இல்லாட்டி மறுநாளே அண்ணன் வந்துடும்."

"தேறிடுவா. இந்தக் கூடத்துல இருக்கற எல்லாரையும்விட நல்லா எழுதறா."

அது பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் ஹயக்ரீவ ஐயங்கார் வந்த அன்று வடிவாம்பாள் கதம்பம் வைத்துப் பின்னியிருந்தாள். முற்றத்து வேலிக்கு அப்பால் தகப்பன்மார்கள் நின்றார்கள், சபாபதி முன்னால். ஐயங்கார் கெட்ட மனுஷர் இல்லை. பெண்களின் தையலைத் தூக்கிப் பார்த்து "பேஷ்" என்றார். கும்மிப் பாட்டுக்கு விரலால் தாளம் போட்டார். கடைசியில் பூங்காவனத்தின் பெயரை வாசித்துவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கமலாட்சி ஜன்னலைக் காட்டினாள்.

"உள்ளே வரச் சொல்லுங்கோ. வெளியே நிக்கற குழந்தைக்கு நான் பரீட்சை வைக்க முடியாது. அது விதி."

கமலாட்சி வேலிப் பக்கம் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பூங்காவனம் வாசற்படி தாண்டி வந்து நின்றபோது பாயிலிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பிள்ளை முதல் தடவையாகக் கரும்பலகையைப் பார்த்தாள். பரீட்சை என்று அன்றைக்கு அதைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது.

வாய்ப்பாடு கேட்டார். சொன்னாள். மேய்ப்பனைப் பற்றிய வசனம் கேட்டார். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "பலே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஐயங்கார். எழுத்துப் பரீட்சைதான் பாக்கி. சிலேட்டைத் தரையில் வைத்து, மேலே பலப்பத்தை வைத்துவிட்டுக் கமலாட்சி ஒதுங்கினாள். வழக்கமான வாக்கியம்தான். "பசு பால் தரும்."

பூங்காவனம் உட்கார்ந்தாள். பலப்பத்தை எடுத்தாள். சிலேட்டின் நட்ட நடுவில், பெரிதாக, அழகாக ஒரு 'ப' போட்டாள். போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காத்திருந்தாள். எதற்கோ காத்திருந்தாள். பிறகு கமலாட்சியைப் பார்த்தாள்.

"போவலம்மா" என்றாள் மெதுவாக.

என்ன போகவில்லை? கமலாட்சிக்குப் புரியவில்லை. பயந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று நினைத்து, ஜன்னலில் தினமும் அசைப்பது போலத் தலையை அசைத்தாள். எழுது.

பிள்ளை எழுதினாள். 'ப'வின் மேலேயே 'சு'. அதன் மேலேயே 'பா'. ஒவ்வொரு எழுத்துக்கும் கையைத் தூக்கி ஒரு கணம் காத்திருந்து, அது கலையாததைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்து, அதன் மேலேயே அடுத்தது. கடைசிப் புள்ளியையும் மறக்காமல் வைத்தாள். எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

சிலேட்டின் நடுவே பறவைக்கூடு மாதிரி வெள்ளையாக ஒரு சிக்கல் கிடந்தது.

கமலாட்சிக்கு அப்போதுதான் புரிந்தது. காற்றில் எழுதியது தானே போய்விடும். அடுத்த எழுத்துக்கு இடம் எப்போதும் காலியாக இருக்கும். இந்தப் பிள்ளை இரண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. படுத்துக்கொண்டு எழுதினேன் என்றாளே, அதுவும் காற்றில்தான். எழுதுவது என்றால் அவளுக்கு அதுதான்.

"கிறுக்கி வெச்சிருக்கே குழந்தே" என்றார் ஐயங்கார், வருத்தமாகவே.

"இல்லீங்க ஐயா. எழுதிதான் இருக்கறா. எல்லா எழுத்தும் இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு இருக்குது."

அவர் குனிந்து பார்த்தார். சிலேட்டைத் தொடவில்லை. "நீங்கதான் படிச்சுக் காட்டுங்கோளேன்."

கமலாட்சி பார்த்தாள். அவளாலும் முடியவில்லை.

ஐயங்கார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் எழுதட்டும் என்றார். அந்த ஒரு நிமிஷம் முழுக்கக் கமலாட்சியின் கையில் இருந்தது. சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தாள். தள்ளித் தள்ளி எழுது, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று என்று சொன்னாள். பிள்ளை அவள் வாயையே பார்த்தாள். மறுபடி நட்ட நடுவில் ஒரு 'ப' போட்டாள். போட்டு, நிமிர்ந்து காத்திருந்தாள். வாயால் சொல்லிப் புரியவைக்கிற விஷயம் இல்லை அது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மணிக்கட்டைப் பிடித்து, ஒரு விரல்கடை தூரம் நகர்த்த வேண்டும். ஒரே ஒரு தடவை. பிறகு அவளே பிடித்துக்கொள்வாள், கெட்டிக்காரி. கமலாட்சி குனிந்தாள். கை பாதி தூரம் போயிற்று. எதிர்ச் சுவரோரம் வடிவாம்பாள் கண்ணை விரித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள். அவள் தோளில் பின்னல் புரண்டு கிடந்தது. கதம்பம், நடுநடுவே மரிக்கொழுந்து. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் அம்மா அப்படித்தான் வைத்துவிடுவாள். வேலிக்கு அப்பால் பேச்சே இல்லை.

கை அங்கேயே நின்றது. 'ப'வின் மேல் 'சு' விழுந்தது.

"பரவாயில்லை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எழுந்தார் ஐயங்கார்.

அவருடைய வண்டி தெரு திரும்பியதும் சபாபதி வேலியைத் திறந்துகொண்டு வந்தார். கமலாட்சியைப் பார்க்கவே இல்லை. "வா பாப்பா" என்று மகளை மட்டும் கூப்பிட்டார். மற்றவர்களும் தத்தம் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சேரிப்பெண் உள்ளே வந்துவிட்டாள். கமலாட்சி அவளைத் தொட்டாளா தொடவில்லையா என்பது ஒருவருக்கும் பொருட்டாக இல்லை. போகும்போது வடிவாம்பாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பின்னல் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் காலை கூடத்தில் பாய்கள் மட்டும் விரித்திருந்தன. கமலாட்சி ஜெபம் சொன்னாள். பாட்டைத் தொடங்கி, தனியாகப் பாட வெட்கமாக இருந்ததால் நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மாவின் குரல் கேட்டது. போய்வருகிறோம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அண்ணன் ரோட்டில் காத்திருந்தான். கமலாட்சி மிஷனில் எழுதிக் கேட்கிறேன் என்றாள். கன்னியம்மா, "நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா" என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. பூங்காவனம் கல்லின் மேல் ஏறவில்லை.

அவர்கள் மேற்கே தாமல் ரோட்டில் இறங்கினார்கள். கமலாட்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் பிள்ளையின் வலது கை தலைக்கு மேலே உயர்ந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு போனதால் முதல் தடவையாகக் காற்றில் எழுத்து நேராகத் தெரிந்தது. 'ப'. கை அப்படியே பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது. 'சு'. இன்னும் ஒரு சாண். 'பா'. கை எட்டும் மட்டும் போய்விட்டது. பிள்ளை ரோட்டின் ஓரத்துக்கே ஒதுங்கி நடந்து, அடுத்த எழுத்துக்குக் கையைத் தூக்கினாள். அதற்குள் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று வந்து நடுவில் நின்றது. அது மெதுவாக விலகிப் போனபோது ரோட்டில் புழுதி எழும்பியிருந்தது. அதற்குள்ளே ஒரு கை அசைவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.