சுதாகரனின் திருத்தம் நீக்கப்பட்ட விதம்

அன்று நீர்வேலியில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: கதிரவேலு ஆகிய நான், மனைவி குணலட்சுமி, மகன் சுதாகரன், தம்பி முத்துக்குமாரு, அவன் மகள் நிவேதனா. வெளியார் ஒருவரும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் மற்றவரில் பிழை கண்டால், அது வாசல் படலையைத் தாண்டுமுன் மூத்தவனான என் முன் வைக்கப்பட வேண்டும். அதற்காகவே நிவேதனா மடிக்கணினியுடன் வந்திருந்தாள்.

பல நாட்டவர் சேர்ந்து எழுதி, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு திறந்த மூல மென்பொருள் சட்டகத்தில் அவளும் சுதாகரனும் வேலை செய்கிறார்கள். ஓடும் நிரல் நினைவகத்தில் கழிவுகளை விட்டுச் செல்லும். அவற்றைப் பொறுக்கும் பகுதிக்குக் கார்பேஜ் கலெக்டர் என்று பெயர். அது பொறுக்கும்போது நிரல் நின்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சுதாகரன் ஒரு திருத்தம் எழுதினான்: பாவித்தவற்றை எறியாமல் ஒதுக்கி வைத்துத் திரும்பப் பாவிப்பது. அது ஏற்கப்பட்டு அவன் பெயர் சட்டகத்தின் பக்கத்தில் வந்தபோது நல்லூரில் அர்ச்சனை செய்வித்தேன். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

அந்தத் திருத்தத்தில் பிழை கண்டவள் என்று இப்போது அதே பக்கத்தில் தம்பி மகளின் பெயர் வரப்போகிறது, என் மகனின் பிழைக்கு மேலே. அவனை ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கியவன் நான். அவள் அவனுடைய பழைய கொப்பிகளை வாங்கிப் படித்தவள். தம்பி கதிரை நுனியில் பணிவாக இருந்தான். அவன் முகத்தில் பெருமை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிவேதனா திரையில் காத்திருப்பு நேரத்தின் வரைபைக் காட்டினாள். தொடக்கத்தில் கோடு தாழ்வாகவே போனது. பிறகு மலை மலையாக எழுந்தது.

"ஒதுக்கி வைச்சதெல்லாம் நாளடைவிலை குவிஞ்சு போகுது, பெரியப்பா. கலெக்டர் ஒவ்வொரு முறையும் அந்தக் குவியலையும் கிளற வேண்டியிருக்கு. அதுதான் முந்தினதை விடக் கூட நேரம் நிக்குது."

"இவன் இதைப் பார்க்காமலே போட்டவனோ?" என்றேன்.

அவள் சுதாகரனைப் பார்த்தாள். "அண்ணா, எவ்வளவு நேரம் ஓட விட்டுப் பார்த்தனீங்கள்?"

"கொஞ்ச நேரந்தான்."

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நல்ல நேரம் முடியுது, அதுக்குள்ளை அனுப்பு எண்டு அப்பா சொன்னவர்."

குணலட்சுமி நிவேதனாவுக்கு முதலில் தேநீரை நீட்டினாள். "உவரின்ரை பஞ்சாங்கம் கொம்பியூட்டருக்குள்ளையும் பூந்திட்டுது."

தம்பி சிரிப்பை அடக்கக் குனிந்தான். அது எனக்குச் சுட்டது.

"சரி, பிழையெண்டால் பிழை," என்றேன். "சுதாகரன் தன்ரை பேரிலை திருத்தட்டும். அவளின்ரை பேர் ஏன் வர வேணும்? ஒரே குடும்பந்தானே."

"ஒரே குடும்பமெண்டால் ஆரின்ரை பேர் வந்தால் என்ன, அண்ணை?" என்றான் தம்பி. என் முகம் பார்த்து அவன் மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

நிவேதனா மடிக்கணினியை மூடப்போனாள். "வேண்டாம் பெரியப்பா. அண்ணாவே போடட்டும்."

சுதாகரன் அதை மூட விடவில்லை. "கண்டது நீ. வரைபை எனக்கு அனுப்பு."

"சுதாகரன், யோசிச்சுச் செய்," என்றேன்.

"நீங்கள் யோசிக்க விடாததாலைதானே, அப்பா, முதல் அப்பிடி அனுப்பினனான்."

அவன் தன் கணினியைத் திறந்து, திருத்தத்தை நீக்கும் குறிப்பைத் தட்டத் தொடங்கினான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இராகு காலம் தொடங்கிவிட்டது. சொல்ல வாய் எடுத்தேன். நிவேதனா அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்த வசனத்திலை 'தவறு' எண்டு போடாதேங்கோ அண்ணா, 'போதாத சோதனை' எண்டு போடுங்கோ," என்றாள். என் மகனின் மானத்தை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

தம்பியின் மகள் என் மகனின் வேலையைத் தூக்கி எறிவித்தாள் என்றும், அதற்கும் நான் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தேன் என்றும் ஊரில் கதைக்கிறார்கள். அது பொய். திருத்தத்தை நீக்கியவன் சுதாகரன். அந்தக் குறிப்பின் கீழே, பிழையைக் கண்டவள் என்று நிவேதனாவின் பெயரை எழுதியவனும் அவனே. நீக்கியது இராகு காலத்தில். நான் நேரம் சொல்லவில்லை.